கொஞ்சம் சிரிங்க பாட்டி

கழுத்தில் அட்டை தொங்க, திரிங்காப் கடைத்தெருவில் வந்து காரை நிறுத்துகிறாரே, அவரேதான். ஈப்போ தனியார் மருத்துவமனை ஒன்றின் மக்கள் தொடர்பு அதிகாரி. முன்பு கைப்பேசி விற்றவர். "வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் கிடைச்சிருச்சுண்ணே" என்கிறார். சிம்பாங் பூலாய் பாதை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறவரிடம் என்னத்தைச் சொல்வது?

மருத்துவ முகாமில் முதலில் இறங்குவது மருந்துப் பெட்டி அல்ல, பேனர். அதைக் கட்டி முடிக்கும்வரை தாதி ஊசியைத் தொடக்கூடாது. காற்றில் மடிந்து மருத்துவமனைப் பெயர் பாதி மறைந்தால் வரிசையே நிற்கும். அப்புறம் ஒரு பாட்டியைப் பிடிப்பார். "முக்காட்டை எடுக்காதீங்க பாட்டி, அதான் அழகு. கூடையையும் மாட்டிக்குங்க." பாட்டி கொழுந்து எடுப்பதை விட்டு எத்தனையோ காலமாகிறது. கூடை, பக்கத்துக் கடையில் அலங்காரத்துக்குத் தொங்கியது.

ரத்தம் எடுத்தாயிற்று. படத்தில் பாட்டி கண்ணை மூடிவிட்டார். "இன்னொரு வாட்டி பாட்டி. குத்த மாட்டாங்க, குத்துற மாதிரி." அதிலும் வெளிச்சம் போதவில்லையாம். நாற்காலி வெளியே போனது, பின்னாலேயே பாட்டியும் போனார். அதற்குள் பனி இறங்கிவிட்டது.

"கொஞ்சம் சிரிங்க பாட்டி."

"பசியாறாம வரச் சொன்னே, வந்தேன். இப்பப் பசியாறலாமா, இல்ல அதையும் படம் புடிப்பியா?"

பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்த்தால் 180. இந்த அதிகாரி பக்கத்தில் நின்றால் எனக்கும் ஏறும்.

2019 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்பதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார், கையில் கெட்டிப்பால் தே தாரேக்கோடு. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டியே மலேரியாவை அடக்கினார். ரிப்பன் வெட்டியதாகக் கேள்வியில்லை. தோட்டத்து டிரெஸ்ஸருக்கும் பேனர் கிடையாது. அவர் கலக்கிக் கொடுத்த மருந்தின் கசப்புக்கே பாதி நோய் ஓடியது.

ஆனாலும் ஆளை வெறுக்க முடியவில்லை. நடுராத்திரியில் அழைத்தாலும் எடுப்பார். தானா ராத்தாவிலிருந்து ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எந்த வாசல், எந்த மாடி என்று கூடவே நடந்து காட்டுவார், பாரம் எழுதித் தருவார். அங்கே வெளிநோயாளிக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. தன் மருத்துவமனை பில் எவ்வளவு வரும் என்று தெரிந்தவராதலால், கழுத்து அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, "அங்கேயே பாருங்கக்கா" என்று மெதுவாகச் சொல்வார்.

எல்லாம் சரி. அன்று எடுத்த ரத்தத்துக்கு முடிவு இன்னும் வரவில்லை. கேட்டால் "மேலிடத்து கவனத்துக்குக் கொண்டுபோயிருக்கேண்ணே" என்கிறார். பாட்டி படம் மட்டும் காலண்டரில் ஜூன் மாதத்துக்கு வந்துவிட்டது, கூடையும் சிரிப்புமாக. அவருக்கு இனிப்பு நீர் இருக்கிறதா இல்லையா என்று யாராவது சொல்லித் தொலைத்தால் தேவலை; தேநீரில் சீனி போடலாமா என்று தினமும் என்னைத்தான் கேட்கிறார்.