திண்ணை இருக்கும் தெரு

கேள்வி: புதுச்சேரிக்குப் போகிறவர்கள் எல்லாம் மஞ்சள் சுவர்த் தெருக்களில்தான் படம் எடுக்கிறார்கள். தமிழர் தெருக்களில் பார்க்க என்ன இருக்கிறது? – வாசகர், பெருமுக்கல்

பதில்: பிரெஞ்சுத் தெருக்களையும் தமிழர் தெருக்களையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வீடு தெருவுக்கு மதிலைக் காட்டும், மேற்கே திண்ணையைக் காட்டும். எது விருந்தோம்பல் என்று நீங்களே சொல்லுங்கள்!

இந்தத் தெருக்களின் கதையில் உங்கள் ஊருக்கும் பங்குண்டு. 1760 மார்ச்சில் பெருமுக்கல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், 1761 ஜனவரியில் புதுச்சேரியையும் பிடித்தார். ஆங்கிலேயர்கள் நகரை இடித்துத் தள்ளினார்கள். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள்.

அப்படி மீண்டும் எழுந்த நகரின் தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதிக்கு ஒரு நடை போய் வாருங்கள். மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம் தெருவில் போகிறவருக்கு நிழல். அதை ஒட்டிய திண்ணை, களைத்தவருக்கு இருக்கை. உள்ளே முற்றம், வெளிச்சமும் காற்றும் மழையும் வந்துபோகும் வாசல். சில வீடுகளில் கீழ்த்தளம் முழுக்கத் தமிழ், மாடி ஏறினால் வளைவு சன்னலும் சுவரோடு ஒட்டிய தூண்களுமாகப் பிரெஞ்சு. இரண்டு மொழியும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இந்தக் கலப்புக்குச் சாட்சி.

இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பினர் முன்னின்று மீட்டெடுத்த வைசியாள் வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவது சுலபம். திண்ணையை ஒருமுறை இடித்தால் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். உங்கள் ஊரில் ஓட்டு வீடு மிச்சமிருந்தால், தயவுசெய்து இடிக்காதீர்கள், ஓட்டை மாற்றுங்கள்.