முருங்கைக்குப் பூச்சி வந்தால்

மழை விட்ட சில வாரங்களில் முருங்கையின் அடித்தண்டைப் பார்த்தால் பட்டையே நெளிவது போலிருக்கும். கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். வீட்டுக்காரர் உடனே அரிவாளைத் தேடுவார். முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்னார்களே தவிர, வேரோடு சாய்க்கச் சொல்லவில்லை.

யூப்டெரோட்டி மொல்லிஃபெரா என்பது இந்தப் பூச்சியின் அறிவியல் பெயர். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் உள்ள பெரிய அந்துப்பூச்சிதான் தாய். இலையிலும் இளந்தண்டிலும் கொத்தாக முட்டையிடும். அந்த இலையை அப்போதே கிள்ளி அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தவறவிட்டால் புழுக்கள் இரவெல்லாம் இலையைத் தின்னும், பட்டையைச் சுரண்டும். பகலில் தண்டில் வந்து கூடும். நமக்குச் சாதகமான குணம் இதுதான்: கிளை கிளையாகச் சிதறியிருந்த கூட்டம் பகலில் கைக்கெட்டும் இடத்தில் மொத்தமாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மருந்தடிக்க அவசரப்பட வேண்டாம். நாளைக்குக் கூட்டு வைக்கப்போகும் கீரை அது.

நீளக் கம்பில் துணி சுற்றிய தீப்பந்தத்தைக் கூட்டத்தின்மேல் சட்டென்று ஓட்டி எடுத்தால் போதும். ஒரே இடத்தில் பிடித்தால் பட்டை வெந்து மரம் கெடும். கூரையோ வைக்கோலோ பக்கத்தில் இருந்தால் தீயே கூடாது. மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். மழை பெய்த கையோடு விளக்குப் பொறி வைத்தால் தாய்ப்பூச்சிகளே சிக்கும்.

பூச்சியின் முடி உடம்பில் பட்டால் தேய்க்காதீர்கள், இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தால் முடி அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நம்மை இப்படி அலறவைக்கும் கம்பளிப்பூச்சி சுடலைக் குயிலுக்கு விருந்து. அலகால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நசுக்கிக் குடலைப் பிதுக்கிவிட்டுத்தான் விழுங்கும். மருந்தடித்த மரத்தில் அதற்கு என்ன கிடைக்கும்?

பக்கத்தில் நிற்கும் கறிவேப்பிலையில் உள்ள புழுவை முருங்கைப் பூச்சியோடு சேர்த்துக் கொல்லாதீர்கள். சிறிதாக இருக்கையில் பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். அரிக்காது. பின்னால் அழகான வண்ணத்துப்பூச்சியாகும். செடி கன்றாக இருந்தால் மட்டும் புழுவைக் கையால் எடுத்து வேறு பெரிய செடியில் விடுங்கள். ஆளுயரச் செடிக்கு அதுவும் வேண்டாம், நாலு கொத்து இலைதான் போகும்.