நாற்காலி வழங்குவது தொடர்பாக

அனுப்புநர்: பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக் கடைக்காரர் ஒருவர்

பெறுநர்: ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, தலைமைச் செயலகம், சென்னை

பொருள்: ஊராட்சி அலுவலகங்களில் நாற்காலித் தட்டுப்பாடு – இலவசமாக வழங்க முன்வருதல் – தொடர்பாக.

ஐயா,

காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எதுவானாலும் நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் நான். தங்கள் துறையின் கஷ்டத்தைப் பேப்பரில் படித்துப் படித்து மனசு தாங்காமல் எழுதுகிறேன்.

2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் படம் ஒன்று வெளிவந்தது. துணைத் தலைவரும் உறுப்பினர்களும் நாற்காலியில். பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில். ஆள் கூடினால் நாற்காலி போதாமல் போவது எங்கள் தொழிலிலும் உண்டு. ஆனால் மாப்பிள்ளையைத் தரையில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்ட கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

அதே ஆண்டு சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சேதி வெளியே வந்தபிறகு கலெக்டர் நேரில் வந்து ஏற்றவைத்தார். நல்ல ஏற்பாடுதான். ஊராட்சிகள் 12,000-க்கும் மேல் இருக்கின்றன. கலெக்டர்தான் மாவட்டத்துக்கு ஒருவர்.

2022-இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் விசாரித்தபோது, 22 இடங்களில் பட்டியல் சாதித் தலைவருக்கு நாற்காலியே இல்லை என்று தெரிந்தது. ஐயா, இருபத்திரண்டு! ஒரு சின்ன வளைகாப்புக்குக்கூட இதைவிட அதிகம் அனுப்புகிறேன். குட்டியானை வண்டி வாடகையும் என் பொறுப்பு.

சில இடங்களில் நாற்காலி போட்டும் பிரயோஜனம் இருக்காது என்கிறார்கள். தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் செக் செல்லாது, துணைத் தலைவரும் போட வேண்டும் என்பது நீங்கள் வைத்த விதி. தலைவரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை உறுப்பினர்கள் கூடி எடுக்கிறார்கள். ‘தலைவர் ரிசர்வ்ல போகட்டும், துணை நம்மாளு’ என்று ஊர்ப் பெரியவர்கள் கணக்குப் போடுவது இங்கேதான். துணைத் தலைவருக்குக் கை வலித்தால் தெருவிளக்கு எரியாது. இதற்கு என் குடோனில் சரக்கில்லை.

பெண்களுக்கு 2016-இல் 50 விழுக்காடு ஒதுக்கீடு கொடுத்தீர்கள். அங்கே நாற்காலி இருக்கிறது. அதில் வீட்டுக்காரர் இருக்கிறார். இருவர் உட்காரும் சோபா என்னிடம் உண்டு. போட்டால் அம்மாவுக்கு ஓர் ஓரமாவது கிடைக்கும்.

2025-இல் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்கச் சட்டம் கொண்டுவந்தீர்கள். மனசாரப் பாராட்டுகிறேன். சக்கர நாற்காலியில் வருகிறவர் தன் நாற்காலியோடு வந்துவிடுவார், துறைக்குச் செலவு மிச்சம். வாசலில் இருக்கும் அந்த மூன்று படிகளை மட்டும் யாராவது பார்த்தால் நல்லது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊர்க்காரர்கள் இன்னும் சிக்கனமானவர்கள். தனித் தொகுதி ஆனதும், 1996-இலிருந்து பத்து வருஷம் நாற்காலியில் யாரையும் உட்காரவே விடவில்லை. 2006-இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. அதேபோல் தனித் தொகுதியான மேலவளவில் தலைவராகத் துணிந்து உட்கார்ந்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை.

இவ்வளவுக்கும் தாங்கள் கண்டுபிடித்த தீர்வுதான் என்னை அசத்திவிட்டது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும், தேர்தல் வைக்காமல் தனி அலுவலர்களைப் போட்டீர்கள். தலைவரே இல்லாத ஊரில் யாரைத் தரையில் உட்காரவைப்பது? இத்தனை வருஷம் நாற்காலித் தொழில் செய்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

ஒரே விண்ணப்பம். தேர்தல் வைத்துத் தலைவர்கள் பொறுப்பேற்கும் தேதி எப்போது முடிவானாலும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் சரக்கு முழுக்க மண்டபங்களுக்குப் போய்விடும். தலைவர்களுக்கானதைத் தனியே எடுத்து வைக்கிறேன். அட்வான்ஸ் வேண்டாம். கை வைத்த நாற்காலியா, வைக்காததா என்று மட்டும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடகைக் கடைக்காரன்