விளக்கு வைத்தாச்சு, வெயில் போகலை

பங்சார், கோலாலம்பூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மதினிக்கு,

நம்ம ஊர்க் கோவில் கொடைக்கு வரி எழுதின கதையை உங்கள் கடிதத்தில் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உங்கள் கொழுந்தியா வீட்டுக்காரர் டீயைக் கொட்டிவிட்டார். துபாயில் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிற அண்ணன் வரிக் கணக்கில் ஒரு முழுத் தலைக்கட்டு. பந்தலுக்குப் பின்னால் அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டின நீங்கள் கணக்கிலேயே இல்லை. மேலத்தெரு அத்தை, மாமா போனபிறகு அரைத் தலைக்கட்டு. மிச்ச அரை எங்கே போச்சு என்று வரிக்காரரிடம் யாராவது கேட்டார்களா?

எதிர் வீட்டில் யார் என்று கேட்டிருந்தீர்கள். மெல்போர்ன்காரி. புருஷன் ஈப்போ சீனர். படிக்கப் போன இடத்தில் பழக்கம், கல்யாணம். அவள் யூதப் பெண். பேரை எழுதமாட்டேன். இந்த நாட்டில் யூதர் என்பதை யாரும் வாசலில் எழுதி ஒட்டிக்கொள்வதில்லை. பங்சாரில் மசூதி இருக்கிறது. பக்கத்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனால் கந்தசுவாமி கோவில், லுத்தரன் தேவாலயம், புத்த விகாரை என்று சாமிகளுக்கு இடப்பஞ்சமே இல்லை. யூதருக்கு மட்டும் மலேசியா முழுக்கத் தேடினாலும் இன்று ஒரு ஜெபாலயம் கிடையாது.

முன்னே பினாங்கில் ஒன்று இருந்தது. அதுவும் எங்கே? நாகூர் ரோட்டில். நம்ம நாகூரேதான்! 1929-இல் திறந்து 1976-இல் மூடிவிட்டார்கள், பத்துப் பேர் தேறவில்லை என்று. அவர்களுடைய பழைய முறைப்படி பதின்மூன்று வயது தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் முக்கியமான சில ஜெபங்களைச் சொல்லலாம். ஒன்பது ஆணும் தொண்ணூறு பெண்ணும் வந்து நின்றாலும் கணக்கு ஒன்பதுதான். கொச்சியில் 1568-இல் கட்டின பரதேசி ஜெபாலயமே, சுற்றுலா வருகிற யூதர்களை வைத்துத்தான் பத்தை ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. பினாங்கில் மிச்சம் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். அந்தத் தெருவுக்கு இருந்த ‘ஜாலான் யகூதி’ என்ற பேரையும் ஜைனல் அபிடின் சாலை என்று மாற்றியாச்சு.

எதிர் வீட்டுக்காரியின் மெல்போர்ன் சபை முற்போக்குச் சபை. அங்கே பெண்ணும் ஒரு முழு ஆள். ஆணும் பெண்ணும் கலந்துதான் உட்காருவார்கள். புருஷன் வேறு மதம் என்று இவளைத் தள்ளி வைக்கவில்லை. அவரை மதம் மாறச் சொல்லவும் இல்லை. ராபி, அதாவது சபைக் குரு, ஒரு பெண்மணி.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடக்கம். இவள் இங்கிருந்து இணையம் வழியாகச் சபையோடு சேர்ந்துகொள்கிறாள். சிக்கல் என்னவென்றால் மெல்போர்னில் இப்போது குளிர்காலம், நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வேறு. அங்கே இருட்டி ஆறு மணி. இங்கே நாலு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். போன வாரம் என்னையும் கூப்பிட்டாள். மேசையில் மடிக்கணினி, மூன்று கால் பின்னிப் போட்ட எள் ரொட்டி, இரண்டு மெழுகுவர்த்தி. திரையைச் சரியாக இழுக்காததால் வெயில் நேரே மேசையில் விழுகிறது. ஏற்றின திரி எரிகிறதா இல்லையா என்று பக்கத்தில் கை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது! ரொட்டி இந்தப் புழுக்கத்தில் அளவுக்கு மீறி உப்பி, பின்னல் விட்டுப்போயிருந்தது.

கணினியில் கட்டம் கட்டமாக ஆட்கள். ஒரு கட்டத்தில் இரண்டு அம்மா, ஒரு குழந்தை. (மதினி, அத்தைக்கு வாசித்துக் காட்டும்போது இந்த வரியைத் தாண்டிவிடுங்கள். இல்லை, வேண்டாம், வாசியுங்கள். அத்தைக்கு நம்மைவிட உலகம் தெரியும்.) இன்னொரு கட்டத்தில் ஒரு தாத்தா, தன் சத்தத்தை அணைக்க மறந்துபோய், ஜெபம் நடுவே நாயை வைதுகொண்டிருந்தார். ராபியம்மா பாட ஆரம்பித்தால் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். இணையம் ஆளுக்கு அரை வரி தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கிறது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

இதையெல்லாம் தொடங்கி வைத்தவர்கள் யார் என்று கேட்டேன். மெல்போர்னில் 1930-இல் முதல் முற்போக்குச் சபையைக் கிளப்பினது ஏடா ஃபிலிப்ஸ் என்ற பெண். அவருக்கு முன்னோடி லண்டனில் லிலி மான்டெகு, அவரும் பெண். நான் விடுவேனா? நம்ம பம்பாயில் 1925-இலேயே அப்படி ஒரு சபையை ஆரம்பித்த டாக்டர் ஜெருஷா ஜிராத்தைச் சொன்னேன். காமா மருத்துவமனையில் பிரசவம் பார்த்த டாக்டரம்மா, பின்னாளில் பத்மஸ்ரீ. எதிர் வீட்டுக்காரிக்கு அவரைத் தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரியுமா என்ன, நானே இங்கே வந்துதான் படித்தேன். கூடவே கொச்சி ஏ.பி. சேலத்தையும் சொன்னேன். அவர் வம்சத்தாரைத் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி, பரதேசி ஜெபாலயத்தில் தரையிலும் படியிலும்தான் உட்கார வைத்தார்கள். சென்னையில் படித்து வக்கீலாகித் திரும்பின மனுஷன், காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்து அதை அசைத்தார். பத்துப் பேருக்குத் தட்டுப்பாடு வரப்போகிற இடத்தில், வந்தவர்களையும் வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

சாப்பாட்டுக்கு அவளுக்கு இந்த ஊரைப்போல வசதி கிடையாது. பன்றிக்கறி ஆகாது, முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடையில் அது எட்டிப் பார்க்காது. இறால், நண்டும் ஆகாது. ஆனால் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, அதோடு வரும் சம்பலை மட்டும் வழித்துச் சாப்பிடுவாள். அதில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, போட்டிருக்கும் என்று ஒரு நாள் சொல்லித் தொலைத்தேன். கரண்டி அப்படியே நின்றது. எங்கள் சபையில் இதையெல்லாம் அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள் என்றாள். மனசாட்சியிடம் ஒரு நிமிஷம் பேசிவிட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

டிசம்பரில் அவளும் புருஷனும் கொச்சி பார்க்கப் போகிறார்கள். அப்படியே திருநெல்வேலிக்கும் அனுப்புகிறேன். அவளுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு போதும். ஈப்போக்காரருக்கு நண்டு என்றால் உயிர். வேறு சட்டியில் வைத்துவிடுங்கள், காரம் குறைக்க வேண்டாம். அவர்களிடம் எனக்கு வடகம் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள கொழுந்தியா