எட்டுச் சாம்பல் நிறங்கள்

எண்பதுகளின் கடைசியில் சின்னசேலத்தில் ஒருவன் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தால், ஊர் அவனை விஞ்ஞானி என்று நினைக்கும், இல்லையென்றால் வேலை கிடைக்காதவன் என்று நினைக்கும். முதல் பட்டத்தை நானே சூட்டிக்கொண்டேன், இரண்டாவதை ஊர் தாராளமாகக் கொடுத்தது.

பள்ளிக்கூடங்களுக்கு சர்க்கார் பிபிசி மைக்ரோ கொடுத்துக்கொண்டிருந்த காலம். 1986இல் பூனாவின் டெசிபெல்ஸ் கம்பெனி உரிமம் வாங்கி ஸ்பெக்ட்ரம் பிளஸ் விற்க ஆரம்பித்திருந்தது. எனக்கு வாய்த்ததோ சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த, ரப்பர் பொத்தான் வைத்த பழைய ஸ்பெக்ட்ரம், 48 கே. அதற்கென்று திரை கிடையாது, வீட்டு டிவிதான் திரை. ஆனால் அது படத்தை யூஎச்எஃப் 36ஆம் சேனலில் அனுப்பும். எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கோ விஎச்எஃப்பைத் தவிர வேறு உலகம் தெரியாது.

கடைவீதி ரேடியோ மெக்கானிக் அண்ணன் பார்த்தார். மாடுலேட்டரை ஒதுக்கிவிட்டு, அதற்குள் போகும் முன்பே வீடியோவை எடுத்து, ஒரு டிரான்சிஸ்டர் வழியாக ஷீல்டு ஒயரில் நேரே டிவியின் வீடியோ பகுதிக்குள் விட்டார். பேட்டரியிலும் ஓடும் 12 வோல்ட் பெட்டி என்பதால் பிழைத்தோம். அந்தக் காலத்துப் பெரிய பெட்டிகள் பலவற்றில் சேசிஸிலேயே மெயின் கரண்ட் நிற்கும், கம்ப்யூட்டரோடு விஞ்ஞானியும் போயிருப்பான்.

அவர் எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்த சிஆர்ஓவில் அந்த சிக்னலைப் பார்த்த மாலையை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வருகிறது. 64 மைக்ரோ செகண்டுக்கு ஒரு கோடு; கோட்டின் தலைப்பில் 0.3 வோல்ட் பள்ளம், அதுதான் சிங்க். அதற்குமேல் வெள்ளை வரை 0.7 வோல்ட். கடைசியில் 75 ஓம் ரெசிஸ்டர் கட்டினால் மொத்தம் கச்சிதமாக 1 வோல்ட், கட்டாவிட்டால் அலை இருமடங்காகத் துள்ளும். கறுப்பு முதல் வெள்ளை வரை எட்டு நிறங்களை வரிசையாகத் திரையில் போடச் சொன்னேன், சிஆர்ஓவில் எட்டுப் படிகளாக ஏறியது. ஸ்பெக்ட்ரம் தன் நிறங்களுக்கு வெளிச்சத்தின் வரிசையில்தான் எண் கொடுத்திருந்தது. நீலம் 1, சிவப்பு 2, பச்சை 4, மஞ்சள் 6. அதனால் சிவப்பையும் பச்சையையும் பார்க்காமலே, சாம்பலின் அடர்த்தியைக் கொண்டு இது இன்ன நிறம் என்று நண்பர்களுக்கு அறிவிக்கும் அதிகாரம் என்னிடம் இருந்தது. மறுத்துப் பேச ஊரில் யாரிடம் கலர் டிவி இருந்தது?

சேகோ ஆலை மோட்டார் கிளம்பும் நேரத்தில் வோல்டேஜ் விழுந்து படம் நாலு பக்கமும் சுருங்கும், ஸ்டெபிலைசர் டக்டக்கென்று முனகும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ போடுவதற்குள் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு விஞ்ஞானி திண்ணைக்குப் போய்விட வேண்டும், அம்மாவின் சட்டம்.

இப்போது ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டம், மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை, சுவரில் எல்இடி. எச்டிஎம்ஐ பலகை ஒன்றைச் சேர்த்தால் அதே ஸ்பெக்ட்ரம் கத்தி முனையில் நறுக்கியதுபோல் தெரிகிறது. இரண்டு நிறங்களைப் புள்ளி மாற்றிப் புள்ளி வைத்து, பழைய திரையின் மங்கலில் அவை மூன்றாவது நிறமாகக் குழையட்டும் என்று விட்டிருந்தார்கள் அந்தக் கால விளையாட்டுகளை வரைந்தவர்கள். இந்தத் துல்லியத்தில் அது வெறும் சதுரங்கப் பலகை. பொத்தானை அமுக்கினால் டிவி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் காட்டுகிறது, அதற்குள் நம் ஆள் குழியில் விழுந்துவிடுகிறான். பேரன் தன் போனில் அதே விளையாட்டை ஓட்டி, அமைப்பில் எதையோ தட்டி, திரையில் கோடுகளையும் மங்கலையும் வரவழைத்து, “இப்பதான் தாத்தா ஒரிஜினலா இருக்கு” என்கிறான். நானும் அண்ணனும் ஒரு மாதம் சால்டரிங் அயர்னோடு துரத்தியடித்த மங்கல் அது, சாப்ட்வேராகத் திரும்பியிருக்கிறது.

போகட்டும், ஒரு பழைய குழாய் டிவியே வாங்கிவிடலாம் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு காயலான் கடையில் விசாரித்தேன். விலையைக் கேட்டதும் பேரம் பேசக்கூட வாய் வரவில்லை.

“சினிமா செட்டுக்குக் கேக்கறாங்க சார்,” என்றார் கடைக்காரர். “அவங்களுக்குப் படம் தெரியணும்னுகூட இல்ல.”