இரண்டாவது ஆல்பம்

கலப்பிசைக் குழு இரண்டாவது ஆல்பம் போட்டால், 'லத்தீன் தாளம், ஜாஸ் வாசனை' என்று அறிக்கை விட்டாக வேண்டும், சம்பிரதாயம். புனே விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டை மறிக்கும் கல்யாண பேண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாக்ஸபோன், தாஷா மேளம், தள்ளுவண்டியில் கீபோர்டு, மராட்டிப் பாட்டு, பின்னால் பஸ் ஹாரன், தலைக்கு மேல் லோஹகாவ் விமான நிலையத்து விமானம். எல்லாம் ஒரே சுருதியில் இல்லைதான். மாப்பிள்ளை வீட்டார் ஆடுகிறார்களே!

கலப்பிசைக் குழுதான் ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி'யும்; அது 1976இல் இரண்டாவது ஆல்பத்துக்காக லண்டன் ஸ்டுடியோவுக்குள் போனபோது, முதல் ஆல்பத்தில் இருந்த மிருதங்கம்கூட இல்லை. கிதார், எல்.சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம். நாலே பேர். நம்மூர்க் கலப்பிசைக்காரர்களோ காங்கோ, ட்ரம்பெட், கூடவே ஒரு கொன்னக்கோல்காரர் என்று பந்தி போடுகிறார்கள்.

தம்பிகளா, மூன்றாவது ஆல்பத்திலாவது யாராவது ஒருவர் சும்மா இருங்கள்.