வண்டி பார்க்கும் மாமா

தேனியிலிருந்து தெற்கே புறப்படும் சாலையானது சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வாழைத்தோப்புக்கும் திராட்சைப் பந்தலுக்கும் நடுவே சாதுவாக நடந்து சென்று, லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் திடீரென்று புத்தி மாறிக் குமுளி மலையில் ஏறத் தொடங்கிவிடுகிறது. போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் சாலையோ இன்னும் பிடிவாதக்காரன். 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றவைத்த பிறகே போடி மெட்டின் குளிர்காற்றை முகத்தில் வீசும். குடியிருப்பு கீழே தமிழ்நாட்டிலும் ஏலத்தோட்டம் மேலே கேரளத்திலுமாக ஜீவனத்தை இரண்டு அடுக்கில் வைத்துக்கொண்டிருக்கும் பள்ளத்தாக்குவாசிகள் பலருக்கு, ஒரு வண்டி சமதரையில் என்ன வேகம் போகும் என்பது விசாரத்துக்குரிய விஷயமே அல்ல. உர மூட்டைகளைச் சுமந்துகொண்டு, பின்னால் தண்ணீர்த் தொட்டி வைத்த டிரெய்லரையும் கோத்துக்கொண்டு, பாதி ஏற்றத்தில் எதிரே வரும் பஸ்ஸுக்காக நின்றுவிட்டால், பின்னுக்கு நழுவாமல் மறுபடி கிளம்புமா என்பதுதான் கேள்வி. அந்த மகா குணத்துக்கு இங்கே இழுவை என்று பெயர். புது வண்டியானால் அதற்குக் கம்பெனிக்காரன் உத்தரவாதம் கொடுக்கிறான். பழைய பிக்கப்பிலோ ஜீப்பிலோ இழுவை மிச்சமிருக்கிறதா என்று சொல்வதற்கு மாமா இருக்கிறார்.

இவர் யாருக்கு மாமா என்ற விசாரணை அநாவசியம். ஊருக்கு ஒருவர் என்ற கணக்கில் பிரம்மதேவன் படைத்துவைத்திருக்கும் இந்தப் பிரகிருதி எல்லோருக்கும் மாமா. அவருக்கு வாங்குகிறவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை, விற்கிறவர்கள் எல்லோரும் தம்பி. தோளில் ஒரு துண்டு, காதில் ஒரு பென்சில், சட்டைப் பையில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தத் துண்டு – இவ்வளவே அவருடைய ஆயுதசாலை. ஒரு காலத்தில் எஸ்டேட் ஜீப் ஓட்டினார் என்று சிலரும், ஒர்க்‌ஷாப் வைத்து நொடித்தார் என்று சிலரும், ஒர்க்‌ஷாப்புக்கு எதிரில் டீக்கடைதான் வைத்திருந்தார் என்று விஷமிகளும் சொல்வதுண்டு. தற்சமயம் அவருக்குச் சொந்தமான வாகனம் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டுமே. “சொந்தமா ஜீப்பு வச்சிருக்கிறவனுக்கு அந்த ஒரு ஜீப்பைத்தானப்பா தெரியும்” என்பது அவருடைய தர்க்கம். பிரம்மசாரிகள் கலியாணத்தைப் பற்றிச் செய்யும் உபந்நியாசங்களைக் கேட்டிருப்பவர்கள் இந்தத் தர்க்கத்தை உடனே அங்கீகரித்துவிடுவார்கள்.

மாமாவின் சாஸ்திரத்துக்கு மூலம் மாட்டுச் சந்தை என்பது என் அபிப்பிராயம். தம்பிரான் மாட்டுத்தொழுவில் காளையை வைத்துக் கும்பிடுகிற கம்பத்தில், காளை பார்க்கத் தெரிந்தவருக்கு இருந்த கௌரவம் வேறு யாருக்கு இருந்திருக்க முடியும்? அவர் சுழி பார்ப்பார், பல் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பு பார்ப்பார், கடைசியில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலையை முடிப்பார். 1947-இல் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கி, காலக்கிரமத்தில் அவை மலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தபோது, அந்த வம்சம் தன் கலையை ஒரு எழுத்தும் மாற்றாமல் இரும்பின்மேல் பிரயோகம் செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். சுழியின் ஸ்தானத்தில் வெல்டிங் தழும்பு. பல்லின் ஸ்தானத்தில் டயர். துண்டு மட்டும் அப்படியே இருக்கிறது. வண்டிகளிலும் அவருக்கு யுகக் கணக்கு உண்டு: வில்லீஸ் கிருத யுகம், 1985-இல் வந்த, பீஜோ எஞ்சின் வைத்த எம்.எம். 540 திரேதா யுகம். 2000-இல் பொலேரோ வந்ததிலிருந்து கலி பிறந்துவிட்டது. இருந்தபோதிலும் கலியுக மனிதர்களுக்குக் கலியுக வண்டிதானே கிடைக்கும் என்ற பெருந்தன்மையால் பொலேரோ பிக்கப்பையும் பார்க்கச் சம்மதிக்கிறார்.

பார்வைக்குக் காலை ஆறு மணிதான் முகூர்த்தம். அதற்குமுன் சாவியை யாரும் தொடக்கூடாதென்று முதல்நாளே உத்தரவு போயிருக்கும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் முதல் முடுக்கில் எப்படி விழிக்கிறது என்பதில்தான் அதன் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதும், விற்பவன் விடியற்காலையிலேயே ஒருமுறை ஓட்டிச் சூடேற்றிவைத்து அந்தச் சரித்திரத்தை மறைக்கப் பார்ப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகையால் வந்தவுடன் வணக்கத்துக்குக்கூடக் கை குவிக்காமல், ஜுரம் பார்க்கும் வைத்தியரைப்போல் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். ஆறட்டும்.

குளிர்ந்திருந்தாலோ, முதலில் மோந்து பார்ப்பார். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. பின்பக்கத்துத் தட்டின் மூலையில் மூக்கை வைத்து மெய்யாகவே மோந்து பார்ப்பார். ஏலக்காய் மணந்தால் மலைத் தோட்டத்து வண்டி. வாசனை உத்தமம், ஆனால் கல்லும் பள்ளமுமான தடத்தில் அடிவாங்கி அடிப்பாகம் தளர்ந்திருக்கும். கோழிக்குப்பை வீச்சம் அடித்தால் தரை துருப்பிடித்திருக்கும். மீன் கவிச்சி லேசாக எட்டினாலும் போதும், “உப்புத்தண்ணி ஒழுகின சேஸ் மாப்ள, உள்ளுக்குள்ளயே தின்னுருக்கும்” என்று சொல்லி எக்ஸ்.எல்.லை நோக்கி நடந்துவிடுவார். விற்பவன் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தால் சந்தேகம் இரட்டிக்கும்.

பிறகு எஞ்சினை முடுக்கச் சொல்லிப் புகையைக் கவனிப்பார். கரும்புகை என்றால் டீசல் முழுதும் எரியவில்லை, செலவோடு தீரும். நீலப்புகை என்றால் ஆயிலைக் குடிக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்தது. வெண்புகை விடாமல் வந்தால் ரேடியேட்டர்த் தண்ணீர் வழி தவறி எரியுமிடத்துக்குப் போகிறது. அடுத்தபடியாக ஆயில் மூடியைத் திறந்து அந்தத் துவாரத்தின்மேல் கையை ஏந்துவார். உள்ளிருந்து புஸ்புஸ்ஸென்று ஆவி அடித்தால், “பேக் கம்ப்ரஷன்” என்ற இரண்டே சொற்களில் மரண அறிவிப்பு வெளியாகிவிடும். காந்தம் தகரத்தின்மேல் நகர்ந்துபோய்ப் பிடிக்காமல் நழுவுகிற இடத்தில், கீழே பட்டி பூசி மேலே பெயிண்டு அடித்திருக்கிறது. சேஸ் நம்பரின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதில் அவர் காட்டும் சிரத்தை, ஏட்டுச்சுவடி பதிப்பித்த பண்டிதர்களுக்கும் வாய்த்திருக்குமா என்பது சந்தேகமே.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பெடல் ரப்பரைப் பார்ப்பார். தேய்ந்திருந்தால், “மீட்டர் நாப்பதாயிரங்குது, ரப்பரு ரெண்டு லச்சங்குது, எதைத் தம்பி நம்புறது?” என்பார். புது ரப்பராக இருந்தால், “நாப்பதாயிரம் ஓடுன வண்டிக்கு எதுக்குத் தம்பி புது ரப்பரு?” என்பார். அந்த நீதிமன்றத்தில் விடுதலை பெற்ற பெடல் இன்னும் பிறக்கவில்லை.

தரகர்கள் சாமானியர்கள் அல்ல. “சிங்கிள் ஓனருண்ணே, டாக்டர் வச்சிருந்த வண்டி” என்று ஒரு பிக்கப்பைக் காட்டினான் ஒருவன்.

“டாக்டர் எதுக்குத் தம்பி பிக்கப் வச்சிருந்தாரு? நோயாளிகளை லோடு அடிச்சாரா?”

“மாட்டு டாக்டருண்ணே.”

இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் மாமா பதிலின்றி நின்றார் என்று கேள்வி. அந்த மௌனத்தின் கோபத்தில் வண்டிக்கு அடியில் படுத்து ஊர்ந்துபோய், ஸ்பிரிங் பட்டைகளை எண்ணி, கம்பெனி கொடுத்ததைவிட ஒன்று அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்து, வெளியே வந்து துண்டை உதறியபடி, “மாட்டு டாக்டர் மருந்து ஏத்தல, கல்லு ஏத்திருக்காரு” என்றாராம். ஃபோர்வீல் ஜீப் என்று சொல்லி விற்கப்படுவனவற்றில் இரண்டாவது லீவர் கம்பீரமாக நின்றுகொண்டிருக்க, கீழே முன்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டே கழற்றப்பட்டிருப்பதையும் இப்படி ஊர்ந்துதான் அவர் அம்பலப்படுத்துகிறார்.

இழுவைப் பரீட்சை கடைசியில். டீக்கடையில் நிற்கும் பத்துப் பேரைப் பாரத்துக்காகப் பின்னால் ஏறச் சொல்வார், வேலைவெட்டியுள்ளவர்களும் மறுப்பதில்லை. அருகிலுள்ள மேட்டில் பாதிவரை ஏற்றி, நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, மறுபடி முதல் கியரில் கிளப்பச் சொல்வார். எஞ்சின் உறுமியும் வண்டி நகரவில்லையானால் கிளச் வழுக்குகிறது. நகரும்போது பின்னச்சிலிருந்து ஊளை கேட்டால் கிரவுன் போய்விட்டது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஓர் இளைஞர், 1977 முதல் அந்தத் தேசத்தில் ஆண்டுதோறும் அதிகமாக விற்கிற டிரக் ஃபோர்டின் எஃப் வரிசைதான் என்றும், அதில் எஃப்-150 என்ற பிக்கப் படகையும் குதிரை ஏற்றிய டிரெய்லரையும் அநாயாசமாக இழுக்கும் என்றும் விஸ்தரித்தபோது, மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அகலம் எவ்வளவு என்றார். இரண்டு மீட்டருக்கு மேல் என்று பதில் வந்தது. “நம்ம மெட்டுல எதுக்க கேரளா பஸ் வந்தா, படகை எங்க மாப்ள இறக்குவ?” என்பதோடு அமெரிக்க வாகனத் தொழிலைப் பற்றிய ஆராய்ச்சி முடிவுற்றது.

இவ்வளவு ஞானமிருந்தும் மாமா ஒரு வண்டியையும் வாங்கு என்று வாயால் சொன்னதில்லை என்பதுதான் அவருடைய சரித்திரத்தில் முக்கியமான அம்சம். வாங்கச் சொன்ன வண்டி மறுவாரம் நடுமேட்டில் நின்றால் சொன்னவர் மேல் பழி. வேண்டாமென்ற வண்டி எப்படி ஓடினாலும் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த ராஜதந்திரத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. போகிறதற்குச் சில சாலைகளே உள்ள ஊராகையால், அவர் தள்ளிவிட்ட வண்டிகளெல்லாம் வேறொருவரிடம் விலைபோய், வாழைத்தாரையும் திராட்சைப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அவர் கண்ணெதிரிலேயே வருஷக்கணக்காக மலையேறிக்கொண்டிருக்கின்றன. யாராவது சுட்டிக்காட்டினால், காதைச் சாய்த்துக் கேட்டு, “சத்தம் மாறிருச்சு, கவனிச்சியா?” என்பார். கவனித்தால் மாறியதுபோலத்தான் இருக்கும்.

பல பார்வைகளுக்குப் பிறகு பொறுமையிழந்த மாப்பிள்ளை, அவருக்குத் தெரியாமல் ஒரு பிக்கப்பை வாங்கி, 29, 30 என்ற நம்பருள்ள படிவங்களில் கையெழுத்தும் போட்டுவிட்டு, குற்றவாளியைப்போல் அவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான். மாமா கோபிப்பதில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்கு விடச் சொல்லி, எலுமிச்சம்பழம் நசுக்கும்வரை கூடவே இருந்து, வழியெல்லாம் கியர் மாற்றச் சொல்லித் தருவார். சில வருஷம் கழித்து அதே வண்டியை விற்க நேரும்போதும் அவர்தான் பக்கத்தில் நிற்பார், எதிர்த்தரப்பு மாமா பானெட்டின்மேல் கையை வைக்கும்போது, “நான் பாத்து எடுத்துக் குடுத்த வண்டிய்யா இது, இதுல என்னத்தத் தொட்டுப் பாக்குறீரு?” என்று அவர் போடுகிற சத்தத்தில் தரகனே இரண்டடி விலகிப் போவான். வண்டியை மட்டும் அவர் விடியற்காலை ஐந்து மணிக்கே ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லியிருப்பார்.